மாவு மில் அம்பயர்

"அடுத்த வருஷம் எங்க டீம் என்ன ஆகும்?" என்று கேட்டாள் சலோமி.

வேலுத்தாய் காதைத் தொட்டுக் காட்டினாள். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்று அர்த்தம்.

சலோமி தொண்டையைத் திறந்து மறுபடி கேட்டாள். "எங்க டீம்! அடுத்த வருஷம்! என்ன ஆகும்?"

வேலுத்தாய் தரையைக் காட்டினாள்.

தரையில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. எவர்சில்வர் தூக்கு, பிஸ்கட் டின், பெயிண்ட் வாளி, மூடி தொலைந்த பால் கேன். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்காக நின்றது. பாதி ஆட்கள் அங்கே இல்லை. டப்பாவை வைத்துவிட்டுக் காய்கறி வாங்கவும், ரேஷன் கடையை எட்டிப் பார்க்கவும் போயிருந்தார்கள்.

"நான் மாவு அரைக்க வரலை" என்றாள் சலோமி.

வேலுத்தாய் மூலையிலிருந்து ஒரு காலி எண்ணெய் டின்னை எடுத்தாள். வரிசையின் கடைசியில் வைத்தாள். பிறகு மிளகாய் வத்தலைத் தள்ளிவிட இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த டின்தான் சலோமி.

ஞானம் தேடுகிறவர்கள் மலையேறுவது வழக்கம். சலோமி ஏறியது கோவில்பட்டியில் ஒரு மாவு மில்லின் இரண்டு படிகள். அவள் தேடி வந்ததும் ஞானம் அல்ல. சண்டை போட வந்திருந்தாள். கேள்வி அதற்கு முன்னுரை.

அவள் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருஷமாக அந்தக் கல்லூரியின் ஹாக்கி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கவலைப்படுவதில் அதைவிட நீண்ட அனுபவம் உண்டு.

வேலுத்தாய்க்கு முப்பத்திரண்டு. மற்ற நாட்களில் குடும்பத்து மில்லை நடத்துகிறாள். போட்டி நாட்களில் விசிலோடு மைதானத்தில் நிற்கிறாள். இரண்டு வேலையிலும் பேச்சு எடுபடாது. ஒன்றில் மோட்டார் கத்தும், மற்றொன்றில் ஜனங்கள் கத்துவார்கள். ஆகவே அவள் கையால் பேசப் பழகியிருந்தாள்.

அந்தக் கைமீதுதான் சலோமிக்குக் கோபம்.

மார்ச் மாதம், கல்லூரிகளுக்கு இடையிலான அரையிறுதி. கோல் ஏதும் இல்லை. ஒரு நிமிஷம்தான் பாக்கி. எதிரணிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது.

ஹாக்கி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெனால்டி கார்னரில் எதிரணிப் பெண் ஒருத்தி கோல் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளிக் கடைக்கோட்டின்மேல் பந்தை வைத்துக் குனிந்து நிற்பாள். அவள் பந்தை வெளியே தள்ளிவிடுவாள். வெளியே காத்திருப்பவள் அதை கோலை நோக்கி அடிப்பாள். தடுக்கிறவர்கள் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர், கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பந்து நகரும்வரை ஒருத்தியும் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அம்பயர் கையை நீட்டி நடுக்கோட்டைக் காட்டுவார். தாண்டியவள் அங்கே போய் நிற்க வேண்டும். அவளுக்குப் பதில் வேறு ஆள் கிடையாது. மிச்சம் இருப்பவர்கள்தான் தடுக்க வேண்டும்.

அன்று மாரிச்செல்வி முதலில் ஓட வேண்டியவள். பந்து நகருமுன் ஓடினாள். வேலுத்தாயின் கை நீண்டது.

மறுபடி கார்னர். இப்போது நாலு பேர். இசக்கி ஓடினாள். பந்து நகரவில்லை. கை நீண்டது.

மறுபடி கார்னர். மூன்று பேர். இந்தத் தடவை பந்து வந்தது. போயும் விட்டது, வலைக்குள்.

இரண்டு பெண்களும் நடுக்கோட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பயிற்சியில் சலோமி அந்த இருவரையும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டாள். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் ஓடினார்கள்.

இது பழைய வயிற்றெரிச்சல். புதியது வேறு.

பதினைந்து பேரில் ஐந்து பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். அதில் கீப்பர் ஜெபராணியும் ஒருத்தி. மிச்சம் பத்து. பத்துப் பேரை வைத்துக்கொண்டு யாரும் ஹாக்கி ஆடுவதில்லை. கீப்பர் இல்லாமல் ஆடுவதாக நினைப்பதும் இல்லை.

பிரின்சிபலிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த பருவத்தில் அணி இறங்குமா, இறங்காதா? வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் வேண்டும். இறங்காது என்றால் ஹாக்கிக்கு ஒதுக்கிய நாலு விடுதி இடங்களும் மைதானமும் வாலிபாலுக்குப் போகும். அதற்கு ஆறு பேர் போதும்.

சலோமி பதில் எழுதிவிட்டாள். ஏழு தடவை எழுதினாள். ஒவ்வொரு பிரதியும் முந்தியதைவிட இருட்டாக வந்தது. ஏழாவது அவள் கைப்பையில் இருந்தது. இன்று புதன். வெள்ளிவரை பொறுக்கும் தைரியம் அவளுக்கு இல்லை. வழியில் இங்கே ஒரு பாட்டம் கத்திவிட்டு நேரே போய்க் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

மில் ஓடிக்கொண்டே இருந்தது.

சலோமி தும்மினாள். பன்னிரண்டு தும்மல். கண்ணீர் வழிந்தது. அது துக்கமா, வத்தல் நெடியா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒரே நேரத்தில் அரைபட்டுக்கொண்டிருந்தன.

"முந்தானைய மூக்குல வையிங்க டீச்சர்" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. "மே மாசத்துல இங்க வந்தா எல்லாரும் அழுதுட்டுத்தான் போவாக."

வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு டப்பாவாக முன்னால் போனது. சலோமியின் டின்னைச் சலோமியே காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்னால் மூன்று டப்பாக்கள். அடுத்து இரண்டு. பிறகு ஒன்றே ஒன்று. மஞ்சள் பெயிண்ட் வாளி. நிறைய மல்லி. உடையவளைக் காணோம்.

சலோமி வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். வாளிக்காரி இனி வரமாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. வழியில் ஏதாவது ஆகியிருக்கும். மறந்திருப்பாள். செத்தே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மஞ்சள் வாளியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் டின்னை முன்னால் தள்ளினாள்.

"ஏ, யாரு அது என் வாளிய எடுத்தது?"

வாசலில் ஒருத்தி நின்றாள். கையில் முருங்கைக்காய்க் கட்டு.

"நீங்க வரலைன்னு..." என்றாள் சலோமி.

"வாளி நிக்குதுல்ல? வாளி நின்னா ஆளு வருவான்னு தெரியாதா? படிச்சவுக மாதிரி இருக்கீக!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

வேலுத்தாய் மோட்டாரை நிறுத்தினாள். திரும்பினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. வலது கையைத் தோளுயரத்துக்கு நேராக நீட்டி வாசற்படியைக் காட்டினாள். வரிசையின் கடைசி அங்கேதான்.

சலோமிக்கு அந்தக் கையைத் தெரிந்தது.

"இதே கை!" என்றாள். மோட்டார் நின்றிருந்ததை மறந்து கத்தியதால் தெரு முழுக்கக் கேட்டது. "அன்னைக்கும் இதே கைதான்! உனக்கு வேற ஒண்ணும் தெரியாதா?"

அதுவரை வேலுத்தாயை நீங்கள் என்று கூப்பிட்டு வந்தவள் அவள்.

"என்னைக்கு மேடம்?" என்றாள் வேலுத்தாய்.

"அரையிறுதியில. ஒரு நிமிஷம் இருந்துச்சு. ரெண்டு பேரை அனுப்பிச்சே. அதோட எங்க டீம் செத்துப்போச்சு."

"செத்துப்போச்சா?"

"போன மாதிரிதான். கீப்பர் இல்ல. பத்தே பேர். அதுலயும் மாரிச்செல்வி போறா, ஒன்பது."

"அவ ஏன் போறா?"

"மதுரையில ஒரு காலேஜ்ல கூப்பிட்டாங்க. எங்கிட்ட வந்து கேட்டா. அடுத்த வருஷம் டீம் இருக்குமா மேடம்னு கேட்டா. இருக்காது, போன்னுட்டேன். டி.சி. பாரத்துல கையெழுத்தும் போட்டுட்டேன்."

"டீம் ஏன் இருக்காது?"

"ஒன்பது பேர வெச்சுக்கிட்டு எப்படி இருக்கும்?"

முருங்கைக்காய்க்காரி வாயைத் திறந்தாள். வேலுத்தாய் ஒரு விரலை உயர்த்தினாள். வாய் மூடிக்கொண்டது.

"முதல் வருஷத்துக்குப் பிள்ளைங்க சேந்தாச்சா மேடம்?"

"விண்ணப்பமே ஜூன் பத்து வரைக்கும் குடுக்காங்க. அதுல ஒரு கீப்பர் எங்க வரப்போறா? வரமாட்டா. எனக்குத் தெரியும்."

"எழுதிட்டீங்களா?"

சலோமி கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"எப்பக் குடுக்கணும்?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்கு?"

"புதன்."

வேலுத்தாய் மோட்டாரின் பக்கம் கையைக் கொண்டு போனாள். பிறகு நினைத்துக்கொண்டவளாக, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வாரேன்" என்றாள். "ஊருல இருக்க பிள்ளைங்களை வரச் சொல்லுங்க. ஸ்டிக் நீங்களும் எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

மோட்டார் ஓடத் தொடங்கியது.

சலோமி அன்று கடிதத்தைக் கொடுக்கவில்லை. கல்லூரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பிரின்சிபல் அறை பூட்டியிருந்தது. பொறுமையால் கொடுக்காமல் இருந்தாள் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். பூட்டால்தான்.

வியாழன் காலை ஆறு மணி. கரிசல் மைதானம் வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு பந்து உள்ளே போய்விடலாம். கோல் கம்பங்களில் வலை இல்லை. பருவம் முடிந்ததும் சலோமியே கழற்றி மடித்து அறையில் பூட்டியிருந்தாள்.

இசக்கி வந்திருந்தாள். இன்னும் மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். பெஞ்சின் நுனியில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் மாரிச்செல்வி.

"நீ எதுக்கு வந்தே?" என்றாள் சலோமி.

"இசக்கி கூப்பிட்டா மேடம். சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

வேலுத்தாய் மொபெட்டில் வந்து இறங்கினாள். பின்னால் அதே எண்ணெய் டின்னைக் கயிற்றில் கட்டியிருந்தாள். அவிழ்த்து எடுத்துப்போய் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் வைத்தாள்.

"இது என்னது?" என்றாள் சலோமி.

"கீப்பர்."

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஜெபராணி அக்காவ விட ஒல்லியா இருக்கா" என்றாள்.

"இசக்கி!" என்று அதட்டினாள் சலோமி. பிறகு வேலுத்தாயிடம் திரும்பி, "டப்பாவ வெச்சு விளையாட என்னை ஆறு மணிக்கு எழுப்பினியா?" என்றாள்.

"பெனால்டி கார்னர்" என்றாள் வேலுத்தாய். "இசக்கி தள்ளிவிடட்டும். அந்தப் பிள்ளை அங்க நின்னு அடிக்கட்டும். நீங்க மூணு பேரும் கோட்டுக்குப் பின்னால. முதல்ல ஓடுறது நீங்க மேடம்."

"நானா?"

வேலுத்தாய் முகமூடியை நீட்டினாள்.

சலோமி பத்தொன்பது வருஷமாக இந்தக் கோட்டை வெளியிலிருந்து பார்த்தவள். உள்ளிருந்து பார்த்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. கோட்டுக்குப் பின்னால் நின்றாள். முழங்கால் ஒரு சத்தம் போட்டது. பக்கத்தில் இரண்டு பெண்கள். பின்னால் டின்.

இசக்கி பந்தின்மேல் குனிந்தாள்.

தள்ளவில்லை.

நாலு நொடி இருக்கும். அந்த நாலு நொடியில் சலோமியின் மனதுக்குள் ஜூலை வந்தது. ஆகஸ்ட் வந்தது. முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் விழுந்தது. பேப்பரில் செய்தி வந்தது. பிரின்சிபல் கூப்பிட்டு அனுப்பினார். மைதானத்தில் வாலிபால் வலை ஏறியது.

சலோமி ஓடினாள்.

விசில் ஊதியது. திரும்பிப் பார்த்தாள். பந்து கோட்டின்மேல் அப்படியே இருந்தது. இசக்கியின் ஸ்டிக் அதைத் தொடவே இல்லை.

வேலுத்தாயின் கை நடுக்கோட்டைக் காட்டியது.

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சலோமி நடந்தாள். ஐம்பது கஜம் அவ்வளவு தூரம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அங்கே போய் நின்று திரும்பினாள். கோல் சின்னதாகத் தெரிந்தது. நடுவில் தகர டின் மின்னியது. இரண்டு பெண்கள் தனியாக நின்றார்கள். அங்கிருந்து அவர்களுக்காகச் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

வேலுத்தாய் கையசைத்துத் திரும்பக் கூப்பிட்டாள்.

"இன்னொரு தடவை. இப்ப மாரிச்செல்வி."

பெஞ்சில் இருந்தவள் எழுந்தாள். "நான் ஆடலைக்கா. டி.சி. போட்டாச்சு."

"ஆட வேண்டாம். அங்கேயே நில்லு. அன்னைக்கு உங்க மேடம் நின்ன இடம் அதுதான?"

"ஆமா."

"அன்னைக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

மாரிச்செல்வி செருப்பைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலை."

"சொல்லுட்டி" என்றாள் இசக்கி, குனிந்தபடியே.

"ஒண்ணும் சொல்லலைன்னுதான சொல்லுதேன்!"

வேலுத்தாய் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குத் தொழில்.

"ஓடுன்னாங்க" என்றாள் மாரிச்செல்வி.

"எப்படி?"

"சத்தமா."

"அதே மாதிரி சொல்லு. அதே நேரத்துல."

சலோமி முகமூடியைச் சரி செய்துகொண்டாள். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பயிற்சியாளர் என்றால் கத்தத்தான் செய்வார். எல்லாரும் கத்துகிறார்கள். பந்து நகர்ந்த பிறகு கத்துவது தப்பா? கோட்டுக்குப் பின்னால் குனிந்தாள். இந்தத் தடவை பந்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

பந்து இருந்தது. கரிசல் மண் ஒட்டிய வெள்ளைப் பந்து. அதன்மேல் இசக்கியின் ஸ்டிக்.

"ஓடு!"

கால்கள் ஓடின. சலோமியைக் கேட்காமல் ஓடின. ஆறேழு அடி போன பிறகுதான் அவள் போய்ச் சேர்ந்தாள்.

விசில்.

பந்து கோட்டின்மேல் இருந்தது.

வேலுத்தாயின் கை நீண்டது. சலோமி திரும்பினாள். நடுக்கோட்டுக்கு நடந்தாள். நின்றாள். முகமூடியைக் கழற்றினாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தொலைவில் ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போனது.

"அன்னைக்கும் இப்படித்தானா?" என்று அங்கிருந்தே கேட்டாள் சலோமி. "பந்து நகருமுன்னா நான் கத்தினேன்?"

இசக்கி பந்தைத் துடைத்தாள்.

"ரெண்டு தடவையும் நானா?"

"ரெண்டாந்தடவை இன்னும் சத்தமா மேடம்" என்றாள் இசக்கி.

"நான் உங்களைப் பத்து ரவுண்டு ஓடவிட்டேனேட்டி! ஏன் சொல்லலை?"

"எங்களுக்காகத்தான கத்துனீங்க" என்றாள் மாரிச்செல்வி.

சலோமி வேலுத்தாயைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"கேட்டுச்சு."

"அப்ப என்னைல்ல அனுப்பிருக்கணும்? அந்தப் பிள்ளைங்களை ஏன் அனுப்பினே?"

"உங்களை எங்க அனுப்ப மேடம்? பெஞ்சுல இருக்கவங்களுக்கு நடுக்கோடு கிடையாது."

விதிப்புத்தகம் பெரியது. ஸ்டிக்கின் எடை, பந்தின் சுற்றளவு, கம்பத்தின் கனம் எல்லாம் அதில் உண்டு. பயிற்சியாளர் எப்போது கவலைப்படத் தொடங்கலாம் என்பதுபற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

சலோமி நடந்து திரும்பி வந்தாள். வரச்சொல்லி யாரும் கையசைக்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

வேலுத்தாய் விரலை மடக்கி எண்ணினாள். டின் ஒன்று. சலோமி இரண்டு. இரண்டு பெண்களோடு நாலு ஆயிற்று. சுண்டுவிரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. அதை மடக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.

சலோமி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள்.

"டி.சி. வாங்கிட்டியா?"

"இல்ல மேடம். திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

"இன்னைக்கு என்ன?"

"வியாழன்."

"செருப்பைக் கழத்து."

மாரிச்செல்வி நகரவில்லை. "டீம் இருக்குமா மேடம்?" என்றாள். போன வாரம் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

சலோமியின் வாய் திறந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் வாயை மூடினாள். மூடுவது கஷ்டமாக இருந்தது.

"முதல் ஆளு நீதான்" என்றாள். "நான் உனக்குப் பக்கத்துல."

மாரிச்செல்வி செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து காலணி எடுத்து மாட்டினாள். சும்மா பார்க்க வந்தவள் அதை ஏன் கொண்டு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டிக்கும் அந்தப் பையில் இருந்தது.

ஐந்து. சுண்டுவிரல் மடங்கியது.

இசக்கி குனிந்தாள். ஸ்டிக்கைப் பந்தில் வைத்தாள்.

பெஞ்சின்மேல் சலோமியின் கைப்பை கிடந்தது. உள்ளே ஏழாவது பிரதியும் போனும் இருந்தன. போன் அடிக்கத் தொடங்கியது.

"மேடம், பிரின்சிபலா இருக்கும்" என்றாள் இசக்கி. தலையை நிமிர்த்தவில்லை. உதட்டில் குறும்பு இருந்தது.

சலோமியின் குதிகால் எழும்பியது. கட்டைவிரல் கோட்டின் சுண்ணாம்பைத் தொட்டது. அங்கேயே நின்றது.

போன் அடித்தது.

இசக்கி தோளைச் சட்டென்று அசைத்தாள். வெறும் தோள்தான். பந்து அசையவில்லை. மாரிச்செல்வி அசையவில்லை. சலோமி பல்லைக் கடித்தாள். கூடவே மாரிச்செல்வியின் சட்டை நுனியை இடது கையால் பிடித்திருந்தாள். யாரை யார் ஓடாமல் நிறுத்த என்பது தெளிவில்லை.

போன் அடித்து ஓய்ந்தது.

பந்து நகர்ந்தது.

மாரிச்செல்வி போய்விட்டாள். சலோமி பின்னால் ஓடினாள். நாற்பத்தேழு வயதில் ஓடுகிற மாதிரிதான் ஓடினாள். விசில் ஊதவில்லை. எதிரே நின்ற பெண் ஓங்கி அடித்தாள். பந்து மாரிச்செல்வியின் ஸ்டிக்கில் உரசி, சலோமியின் முழங்கால் பக்கமாகச் சீறிப் பறந்து, பின்னால் எங்கோ 'டணார்' என்றது.

எல்லாரும் திரும்பினார்கள்.

எண்ணெய் டின் நெளிந்து சாய்ந்து கிடந்தது. அதற்கு முன்னால், கோட்டைத் தாண்டாமல், பந்து.

"கீப்பர் பிடிச்சிட்டா!" என்று இசக்கி குதித்தாள். "மேடம், கீப்பர் பிடிச்சிட்டா! அதுவும் முதல் நாள்லயே!"

சலோமி டின்னை நிமிர்த்தி வைத்தாள். கம்பங்களுக்கு நடுவில் சரியாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அரை அடி இடப்பக்கம் நகர்த்தினாள்.

வேலுத்தாய் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு மில்லைத் திறக்க வேண்டும்.

"உன் டின்!" என்று கத்தினாள் சலோமி.

வேலுத்தாய் காதைத் தொட்டுக் காட்டினாள். மொபெட் போய்விட்டது.

போன் மறுபடி அடித்தது. சலோமி பெஞ்சுக்கு நடந்துபோய்க் கைப்பையைத் திறந்தாள். மடித்த காகிதம் முதலில் கைக்கு வந்தது. அதைக்கொண்டு முகத்தையும் கழுத்தையும் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"சலோமி, வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு இழுக்கணும்?" என்றார் பிரின்சிபல். "உனக்கே தெரியுமே. இப்பவே சொல்லிடு. எத்தனை பேர் இருக்காங்க?"

மூச்சு இன்னும் அடங்கவில்லை. சலோமி திரும்பி கோலைப் பார்த்தாள்.

"பத்துப் பேர் மேடம்."

"பதினொண்ணு வேணுமே?"

"பதினொண்ணாவது ஆளுக்கு டப்பா வெச்சாச்சு."